எட்டு மேஜை போட்ட ஓர் அறை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கட் அடித்துவிட்டுப் பார்த்த சினிமா இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நீ ஏதாவது வரலாறு எழுதேன்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒரே ஒரு கல்லூரி நினைவோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

நம்மில் எத்தனை பேர் லேபில் முதலில் ரீடிங் எடுத்து, அப்புறம் கணக்குப் போட்டு, கடைசியில் விடையைக் கண்டோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். சீனியர் கொடுத்த ரெகார்ட் நோட்டில் விடை ரெடியாக இருக்கும். அதிலிருந்து பின்னாலேயே நடந்து வந்து ரீடிங்கைத் "தயாரிப்போம்". இரண்டு மூன்று இடங்களில் தசமத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும், யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராது என்பது நம் நினைப்பு. கையெழுத்துப் போட்ட சாருக்கும் தெரியும்; அவரும் அந்தக் காலத்தில் அதைத்தான் செய்திருப்பார்.

இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. விடை முன்னாலேயே தெரிந்த பரிசோதனையில் மனிதன் வேறு என்ன செய்வான்? விடை யாருக்குமே, வாத்தியாருக்குக்கூட, தெரியாத ஒரு லேபைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அது உயிரியல் லேப். இன்ஜினியருக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கதையில் ஒரு இன்ஜினியரிங் மாணவரும் வருகிறார்.

பெஞ்சிலிருந்து மேஜைக்கு

பல்கலைக்கழகத்தில் உயிரியலின் மேல் வகுப்பு என்றால் இன்று லேப் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் 1870 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலும் பேராசிரியர் பேசுவார், மாணவர் கேட்பார். தவளையை அறுத்துக் காட்டினால் முன் பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரியும். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1871-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு கோடை வகுப்பு நடத்தினார். காலையில் விரிவுரை, அதன் பிறகு அதே பொருளை மாணவரே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், கையால் அறுக்க வேண்டும். ஈஸ்ட்டில் ஆரம்பித்து, அமீபா, நண்டு வகை, தவளை என்று படிப்படியாக ஏறும் பாடத்திட்டம்.

ஹக்ஸ்லியும் அவருடைய உதவியாளர் ஹென்றி நியூவெல் மார்ட்டினும் இந்தச் செய்முறைப் பாடத்தை 1875-ல் புத்தகமாகப் போட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பட்டம் வாங்கிய பிறகு ஆராய்ச்சி செய்ய வருகிறவனுக்கு முதல் இடம் என்று சொல்லி ஆரம்பித்த பல்கலைக்கழகம் அது. அங்கே உயிரியல் பேராசிரியராகப் போனவர் இந்த மார்ட்டின். வயது 28.

மார்ட்டினோடு அங்கே இருந்த இன்னொரு ஆசிரியர் வில்லியம் கீத் புரூக்ஸ். பக்கத்தில் நின்று கையைப் பிடித்து எழுத வைக்கிற ரகம் இல்லை. "பிரச்சினை இது, கடல் அது, போய்ப் பார்" என்கிற ரகம். அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எட்மண்ட் வில்சன், 1881. மற்றவர் தாமஸ் ஹன்ட் மார்கன், 1890. இந்த இருவரும் பின்னால் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் சேர்ந்தார்கள். 1904-ல் மார்கனை அங்கே அழைத்தவரே வில்சன்தான்.

நம்ம ஆள் ஒருத்தர்

அதற்கு முன்பே வில்சனிடம் ஒரு ஆராய்ச்சி மாணவர் வந்துவிட்டுப் போயிருந்தார். பெயர் வால்ட்டர் சட்டன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1896-ல் அவர் சேர்ந்தது இன்ஜினியரிங்கில். அடுத்த வருஷம் வீட்டில் டைஃபாய்டு வந்து தம்பி இறந்துபோனான். சட்டன் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு உயிரியலுக்கு மாறினார், மருத்துவராக வேண்டும் என்று.

கொலம்பியாவில் அவர் பார்த்தது வெட்டுக்கிளியின் விந்தணு உருவாகும் செல்கள். அதில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. செல் பிரியும்போது ஜோடி பிரிந்து ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போகிறது. இதைப் பார்த்தவர் யோசித்தார்: மெண்டல் பட்டாணிச் செடியில் சொன்ன கணக்கும் இதே கணக்குத்தானே? பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் வண்டி குரோமோசோம்தான் என்று 1902, 1903-ல் இரண்டு கட்டுரைகள் எழுதினார். ஜெர்மனியில் தியோடர் போவேரியும் அதே சமயத்தில் அதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

ஆனால் சட்டன் பி.எச்டி. முடிக்கவே இல்லை. 1903-ல் கான்சாஸுக்குத் திரும்பி எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தார். ஆழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் கருவிகளைச் சீர்திருத்தினார். இன்ஜினியரிங் புத்தி எங்கே போகும்? பிறகு மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணரானார். 1916-ல் குடல்வால் வெடித்து இறந்தபோது வயது 39. மாணவராக இருந்தபோது எழுதிய அந்த இரண்டு கட்டுரைகளுக்காகத்தான் பாடப் புத்தகத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

நம்பாத வாத்தியார்

வில்சன் குரோமோசோமை நம்பினார். அதே துறையில் இருந்த மார்கன் நம்பவில்லை. மெண்டல் கணக்கையும் அவர் முழுசாக ஏற்கவில்லை. 1910-ல்கூட குரோமோசோம்தான் பரம்பரைக்குக் காரணம் என்பதைச் சந்தேகித்துக் கட்டுரை எழுதினார். ஊகம் பேசிப் பயனில்லை, பரிசோதனை செய்து காட்டு என்பதுதான் அவருடைய சண்டை.

அவர் லேபில் பழ ஈ இருந்தது. வாழைப்பழம் அழுகினால் சுற்றுமே, அந்தக் குட்டி ஈ. ட்ரோசோஃபிலா என்று பெயர். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை. பால் பாட்டிலில் பழத்தைப் போட்டால் சாப்பாட்டுச் செலவு முடிந்தது. குரோமோசோம் நாலே ஜோடி. பெய்ன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒருவர் 69 தலைமுறை ஈக்களை இருட்டிலேயே வளர்த்துப் பார்த்தார். கண் பயன்படாவிட்டால் மங்கிப் போகுமா என்று தெரிய வேண்டும். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் ஒரு விடைதான்.

1910-ல் ஒரு பாட்டிலில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ கண்ணில் பட்டது. சாதாரண ஈக்குக் கண் சிவப்பு. மார்கன் அதைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். 1,237 குஞ்சுகள் சிவப்புக் கண். மூன்று மட்டும் வெள்ளை. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யவிட்டபோது: சிவப்புக் கண் பெண் 2,459, சிவப்புக் கண் ஆண் 1,011, வெள்ளைக் கண் ஆண் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை.

பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். கண் நிறத்தின் காரணி அந்த எக்ஸோடு பயணம் செய்கிறது என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு சரியாக வருகிறது. எந்தக் கொள்கையை எதிர்த்து எழுதினாரோ அதற்கே அவர் கையால் எண்ணிய ஈக்கள் சாட்சி சொல்லின. மார்கன் கட்சி மாறினார். ரீடிங்கைத் தட்டாத மனிதருக்குத்தான் இது நடக்கும்.

613-ம் நம்பர் அறை

ஷெர்மர்ஹார்ன் ஹால் என்ற கட்டடத்தில் 613-ம் நம்பர் அறை. 16 அடிக்கு 23 அடி. நம் ஹாஸ்டலில் மூன்று பேர் தங்கிய அறையை விடச் சற்றுப் பெரிசு. அதற்குள் எட்டு மேஜை. சுற்றி ஆயிரக்கணக்கில் ஈக்கள், அழுகிய பழ வாடை. "ஈ அறை" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1909-ல் மார்கன் இளங்கலை மாணவர்களுக்கான ஆரம்ப விலங்கியலில் முதல் சில விரிவுரைகள் கொடுத்தார். கொலம்பியாவில் அவர் இருந்த 24 வருஷத்தில் அந்த வகுப்பை எடுத்தது அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட், கால்வின் பிரிட்ஜஸ். அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

ஸ்டர்ட்டவன்ட் சிறு வயதில் வீட்டுக் குதிரைகளின் வம்சாவளியை எழுதி வைத்தவர். மெண்டல் விதி குதிரையின் நிறத்துக்கும் பொருந்துகிறது என்று எழுதி மார்கனிடம் கொண்டுபோய்க் காட்டினார். "பிரசுரத்துக்கு அனுப்பு" என்றார் மார்கன். 1910-ல் அது பிரசுரமானது. பிரிட்ஜஸ் தாய் தந்தை இல்லாதவர். கைச்செலவுக்காக லேபில் பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தார். கழுவ வேண்டிய பாட்டிலின் தடிமனான கண்ணாடி வழியாகவே ஒரு ஈயின் கண் நிறம் வித்தியாசமாக இருப்பதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். இரண்டு பேருக்கும் ஈ அறையில் மேஜை கிடைத்தது. இருவரும் அப்போது பட்டம்கூட வாங்காத பையன்கள்.

ஒரு ராத்திரி வேலை

வெள்ளைக் கண்ணுக்குப் பிறகு எக்ஸோடு போகும் காரணிகள் இன்னும் பல கிடைத்தன. ஒரே குரோமோசோமில் இருந்தால் அவை எப்போதும் சேர்ந்தே போக வேண்டும். ஆனால் சில சமயம் பிரிந்தன. சில ஜோடிகள் அபூர்வமாக, சில அடிக்கடி.

இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கயிறு, ஒரு கறுப்புக் கயிறு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டையும் ஏதோ ஒரு இடத்தில் வெட்டி, வெள்ளையின் தலையைக் கறுப்பின் வாலோடும் கறுப்பின் தலையை வெள்ளையின் வாலோடும் ஒட்டுங்கள். கயிற்றில் இரண்டு முடிச்சு நெருக்கமாக இருந்தால் வெட்டு அவற்றின் நடுவே விழ வாய்ப்புக் குறைவு. தூரமாக இருந்தால் அதிகம். அப்படியானால் எத்தனை சதவீதம் பிரிகின்றன என்று எண்ணினால், முடிச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் தெரிந்துவிடும் இல்லையா?

1911 கடைசியில் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டர்ட்டவன்ட்டுக்கு இது பளிச்சென்று பட்டது. லேபில் குவிந்திருந்த எண்ணிக்கைகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வகுப்புக்குச் செய்ய வேண்டிய ஹோம்வொர்க்கை ஓரமாக வைத்துவிட்டு ராத்திரி முக்கால்வாசியும் உட்கார்ந்தார். விடிவதற்குள் உலகின் முதல் குரோமோசோம் வரைபடம் தயார். வயது 20.

1913-ல் பிரசுரமான கட்டுரையில் அந்த அளவுகள் இருக்கின்றன. மஞ்சள் உடல் 0. வெள்ளைக் கண் 1.0, செந்நிறக் கண் 30.7, குட்டைச் சிறகு 33.7; முழுசாக வளராத சிறகு 57.6. நூற்றுக்கு ஒன்று பிரிந்தால் அது ஒரு அலகு.

சர்வே கேம்ப் போனவர்களுக்கு அடுத்த விஷயம் பிடிக்கும். முதல் காரணிக்கும் கடைசிக்கும் நேரடியாக எண்ணினால் 38-க்கும் குறைவாகத்தான் வருகிறது. துண்டு துண்டாக அளந்து கூட்டினால் 57.6. ஏன் இவ்வளவு வித்தியாசம்? தூரம் அதிகமானால் நடுவில் இரண்டு வெட்டு விழலாம். இரண்டு வெட்டு விழுந்தால் இரண்டு முனையும் மறுபடி பழைய ஜோடியாகிவிடும். வெட்டே விழாத மாதிரி தெரியும். ஆகவே நீளத்தைச் சின்னச் சின்னத் துண்டாக அளந்துதான் கூட்ட வேண்டும் என்று அந்தப் பையன் அப்போதே எழுதினான். கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளின் மேல் சங்கிலி போட்டு சர்வே செய்த மாதிரி. அந்த அலகுக்குப் பிற்காலத்தில் சென்டிமார்கன் என்று பெயர் வைத்தார்கள்.

கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: ஸ்டர்ட்டவன்ட். லேப் மார்கனுடையது, ஈ மார்கனுடையது, பேச்சு மார்கனோடு நடந்தது. ஆனால் மார்கன் தன் பெயரைச் சேர்க்கவில்லை.

பிரிட்ஜஸும் சும்மா இல்லை. சில ஈக்களில் கணக்கு உதைத்தது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தால்தான் அப்படி வரும் என்றார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், சொன்னபடியே கூடுதல் குரோமோசோம் இருந்தது. அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு இது. 1916-ல் "ஜெனடிக்ஸ்" என்ற பத்திரிகை ஆரம்பித்தபோது முதல் இதழின் முதல் கட்டுரையாக வந்தது.

கறுப்புப் பக்கமும் உண்டு

எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. நாலாவது ஆள் ஒருவர் இருந்தார், ஹெர்மன் முல்லர். வயிற்றுப்பாட்டுக்கு வெளியே வேலை பார்க்க வேண்டியிருந்ததால் மற்ற இருவரைப் போல முழு நேரமும் ஈ அறையில் இருக்க முடியவில்லை. வாய்ப்பேச்சில் தான் கொடுத்த யோசனைகளுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்குக் கடைசி வரை இருந்தது. 1915-ல் மார்கன், ஸ்டர்ட்டவன்ட், முல்லர், பிரிட்ஜஸ் நால்வர் பெயரிலும் மெண்டல் பரம்பரையின் இயக்கம் பற்றிய புத்தகம் வந்த பிறகும் அது ஆறவில்லை. யோசனை யாருடையது, உழைப்பு யாருடையது என்பதைப் பிரித்துப் பங்கு போட இன்னும் எந்தத் தராசும் வரவில்லை. புராஜெக்ட் செய்த நமக்குத் தெரியாததா?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். நெட்டி ஸ்டீவன்ஸ், மார்கன் முன்பு பாடம் நடத்திய பிரின் மார் கல்லூரியில் 1903-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆணா பெண்ணா என்பது குரோமோசோமைப் பொறுத்தது என்று 1905-ல் மாவுப் புழுவை வைத்துக் காட்டினார். வில்சனும் அதே வருஷம் அதே மாதிரி முடிவுக்கு வந்தார். வில்சன் பெயர் பரவிய அளவுக்கு ஸ்டீவன்ஸ் பெயர் நெடுங்காலம் பரவவில்லை. மார்கனின் மனைவி லிலியன் மார்கனும் உயிரியலாளர். எக்ஸ் குரோமோசோம் இரண்டு ஒட்டிக்கொண்ட ஈயைக் கண்டுபிடித்து 1922-ல் எழுதினார். கொலம்பியாவில் அவருக்குப் பதவி கிடையாது. கொலம்பியா கல்லூரியில் இளங்கலை வகுப்புக்குப் பெண்களைச் சேர்த்ததே 1983-ல்தான்.

கை மாறிய பாடம்

1928-ல் மார்கன் கலிஃபோர்னியாவுக்கு, கால்டெக்கில் உயிரியல் துறையைத் தொடங்கப் போனார். ஸ்டர்ட்டவன்ட்டும் பிரிட்ஜஸும் கூடவே போனார்கள். 1933-ல் மார்கனுக்கு நோபல் பரிசு. பரிசுப் பணத்தை ஸ்டர்ட்டவன்ட் குழந்தைகளுக்கும் பிரிட்ஜஸ் குழந்தைகளுக்கும் சேர்த்துப் பங்கிட்டுக் கொடுத்தார்.

முல்லர் டெக்சாஸ் போனார். எக்ஸ்ரே பட்டால் பரம்பரைக் காரணிகள் மாறும் என்று 1927-ல் காட்டி, 1946-ல் நோபல் வாங்கினார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய மேல் வகுப்பில் 1947-ல் ஒரு புது ஆராய்ச்சி மாணவர் வந்து உட்கார்ந்தார். பெயர் ஜேம்ஸ் வாட்சன். ஆறு வருஷத்தில், 1953-ல், கிரிக்குடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன அதே வாட்சன். கால்டெக்கில் ஸ்டர்ட்டவன்ட்டிடம் படித்த எட்வர்ட் லூயிஸ் 1995-ல் நோபல் வாங்கினார், அதே ஈயை வைத்து. 2000-ல் அந்த ஈயின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். 2017-ல் உடலின் கடிகாரம் பற்றிய ஆய்வுக்கு மூவர் நோபல் பெற்றார்கள், அதற்கும் ஈதான்.

ஹக்ஸ்லியின் மேஜையிலிருந்து மார்ட்டின், புரூக்ஸ், மார்கன், ஸ்டர்ட்டவன்ட், லூயிஸ் என்று வரிசையாகப் பாருங்கள். கை மாறி வந்தது சிலபஸ் அல்ல. சிலபஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாறிவிடும். "விடை எனக்கும் தெரியாது, இந்தா மேஜை, நீயே எண்ணிப் பார்" என்று சொல்லும் வழக்கம்தான் கை மாறி வந்தது.

ஒரு வேண்டுகோள்

மறுபடி நம் ரெகார்ட் நோட்டுக்கு வருகிறேன். தெரிந்த விடையை வைத்துக் கருவி பழகுவது தப்பில்லை. முதல் வருஷத்துக்கு அது வேண்டும். ஹக்ஸ்லியும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஆனால் கடைசி வருஷமும் அப்படியே முடிந்தால், வெளியே போய் முதல் தடவையாக விடை தெரியாத மெஷின் முன்னால் நிற்கும்போது கை நடுங்குகிறது. எனக்கு நடுங்கியது. யாருடைய ரெகார்டைப் பார்ப்பது என்று மனசு தேடியது.

ஆகவே பழைய மாணவர்களுக்கு ஒன்று. நம் ஒவ்வொருவர் வேலையிலும் தீராத சில்லறைச் சிக்கல் ஒன்றாவது இருக்கும். ஒரு பம்ப்பில் மட்டும் ஏன் பேரிங் அடிக்கடி போகிறது, ஒரு ஃபீடரில் மட்டும் ஏன் மழை நாளில் ட்ரிப் ஆகிறது என்பது மாதிரி. விடை தெரியாத அந்தக் கேள்வியை, கையில் இருக்கும் ரீடிங்கோடு ஒரு தாளில் எழுதி சந்திப்பு நாளன்று கொண்டு வாருங்கள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவோம். நன்கொடையை விட அது பெரிசு.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ரீடிங் எடுங்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். கணக்கு உதைத்தால் பயப்படாதீர்கள், தசமத்தைத் தட்டாதீர்கள். பிரிட்ஜஸுக்கு உதைத்த கணக்கில்தான் கூடுதல் குரோமோசோம் ஒளிந்திருந்தது.

கண்டுபிடித்ததை எழுதும்போது உங்கள் பெயரை மட்டும் போடுங்கள். கேள்வி கொடுத்த அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.